கசப்பா, துவர்ப்பா, காறலா: அமெரிக்க கிராஃப்ட் பீரைச் சுவைக்கவும் பிறருக்குப் பரிந்துரைக்கவும் ஒரு வழிகாட்டி

அமெரிக்க கிராஃப்ட் பீர் (சுதந்திரமான சிறு ஆலைகள் காய்ச்சுவது) கேனைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பாகம். அங்கே பொடி எழுத்தில் ஒரு தேதி அச்சாகியிருக்கும். ‘பேக்கேஜ்டு ஆன்’, ‘கேன்டு ஆன்’ என்றிருந்தால் அது அடைத்த நாள். ‘பெஸ்ட் பை’ என்றிருந்தால் அது அந்த ப்ரூவரி (பீர் ஆலை) தானே வைத்துக்கொண்ட கெடு. ஒருவர் 90 நாள் வைப்பார், இன்னொருவர் 180 நாள் வைப்பார், ஆகவே அடைத்த நாள் அதிலிருந்து தெரியாது. சில கேன்களில் மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு: 127 என்றால் மே 7, லீப் ஆண்டாக இருந்தால் மே 6. தேதியே இல்லாத ஐ.பி.ஏ.வை (ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்கள் நிறையச் சேர்த்த, கசப்பும் மணமும் மிகுந்த ‘இந்தியா பேல் ஏல்’ வகை) வாங்காமல் விடுவதே நல்லது.

எந்த வகை எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்குக் கைக்கணக்கு இது. கலங்கலான ஹேஸி ஐ.பி.ஏ.வை ஒன்றரை மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். தெளிந்த வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ.வும் அதைவிட மென்மையான பேல் ஏலும் மூன்று மாதம் வரை சரி. பில்ஸ்னர் உள்ளிட்ட லேகர் வகைகள் (இந்தியாவில் பலருக்கும் பழகிய பீர்) நான்கு மாதம் போகும். 9, 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டௌட் (வறுத்த தானியத்தில் செய்த கறுப்பு பீர்), பார்லிவைன் (மிகக் கனத்த ஏல்) ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஸ்டோன் ப்ரூவிங் நிறுவனம் தன் ‘என்ஜாய் பை’ ஐ.பி.ஏ.வுக்கு 37 நாள் கெடு வைத்து, அந்தக் கடைசித் தேதியையே பீரின் பெயராக அச்சடிக்கிறது. ஹாப்ஸ் வாசனை எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்பது அதைக் காய்ச்சுகிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தேதி மட்டும் போதாது, பீர் இருந்த இடமும் முக்கியம். அமெரிக்க பீர் வணிகத்தில் 3-30-300 என்றொரு விதி உண்டு. 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 3 நாள் இருந்தால் பீருக்கு ஏற்படும் கேடு, 22 டிகிரி அறையில் 30 நாள் இருந்தால் ஏற்படுவதற்கும், 3 டிகிரி ஃபிரிட்ஜில் 300 நாள் இருந்தால் ஏற்படுவதற்கும் ஏறக்குறைய சமம். கடையில் தரையில் அடுக்கிய அட்டைப்பெட்டியையும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரில் இருக்கும் அதே பீரையும் பார்த்தால், விலை கொஞ்சம் கூடினாலும் குளிரில் இருப்பதையே எடுங்கள். பழக்கூழ் நிறையச் சேர்த்த புளிப்பு பீர்களை வீட்டிலும் வெளியே வைக்கக் கூடாது. பழத்தின் சர்க்கரை மிச்சமிருந்தால் கேனுக்குள்ளேயே மறுபடி நொதித்து, கேன் வெடித்த சம்பவங்கள் உண்டு.

கிளாஸும் குளிரும்

கிளாஸில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது, நுரை நிற்காவிட்டால் வாசனையும் நிற்காது. கழுவிய கிளாஸைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாகத் திரண்டு நின்றால் பிசுக்கு இருக்கிறது. பால், டீ குடித்த டம்ளர்களோடு சேர்த்துக் கழுவாமல் தனி ஸ்பாஞ்சு வைத்துக் கழுவி, துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்து உலர விடுங்கள். வெளியே குடிக்கும்போதும் கண்டுபிடிக்கலாம்: நுரைக்குக் கீழே, கிளாஸின் பக்கச் சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. தயங்காமல் வேறு கிளாஸ் கேளுங்கள்.

அமெரிக்க பார்களில் தருகிற நேரான 16 அவுன்ஸ் கிளாஸ் சுவைத்துப் பார்ப்பதற்கு ஏற்றதல்ல, வாய் அகன்றிருப்பதால் மணம் மேலே போய்விடும். வீட்டில் ஒயின் கிளாஸ் இருந்தால் அதுவே போதும். 90 முதல் 120 மில்லி ஊற்றி, பாதிக்கு மேல் காலியாக விடுங்கள். வெர்மான்ட் மாநிலத்தின் அல்கெமிஸ்ட் ப்ரூவரி தன் ‘ஹெடி டாப்பர்’ கேனில் ‘கேனிலிருந்தே குடியுங்கள்’ என்று அச்சடித்திருக்கிறது. குடித்து மகிழ அது சரி. ஆராய்ந்து சுவைக்க வேண்டுமென்றால் கிளாஸில் ஊற்றித்தான் ஆக வேண்டும், கேனின் சின்ன வாயில் மூக்கு வேலை செய்யாது.

ஃப்ரீசரில் உறையவைத்த கிளாஸ் வேண்டாம். அதிகக் குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும், வாசனையை அடைத்துவிடும். பில்ஸ்னர், லேகர் 4 முதல் 7 டிகிரி. பேல் ஏல், ஐ.பி.ஏ. 7 முதல் 10. ஸ்டௌட், பார்லிவைன் 10 முதல் 13. வீட்டு ஃபிரிட்ஜ் பெரும்பாலும் 3, 4 டிகிரியில் இருக்கும். ஐ.பி.ஏ.வை வெளியே எடுத்துக் கால் மணி நேரம், ஸ்டௌட்டை அரை மணி நேரம் விட்டால் கணக்கு சரியாக வரும். பார்லிவைனை மெதுவாகக் குடித்துப் பாருங்கள்: முதல் வாய்க்கும் இருபது நிமிடம் கழித்துக் குடிக்கும் வாய்க்கும் இரண்டு வேறு பீர்கள் போலிருக்கும்.

ஊற்றும்போது கிளாஸை 45 டிகிரி சாய்த்துத் தொடங்கி, பாதி ஆனதும் நிமிர்த்தி நடுவில் ஊற்றி இரண்டு விரல் நுரை எழுப்புங்கள். நுரையே வராமல் ஊற்றுவது திறமை அல்ல. கிளாஸில் வெளியேற வேண்டிய வாயு வயிற்றுக்குள் போய் உப்பசம் கொடுக்கும். பாட்டிலிலேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்த பீர்களில், உதாரணமாக சியரா நெவாடா பேல் ஏல் பாட்டிலில், அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டால் பீர் தெளிவாக இருக்கும்.

நான்கைந்து பீர்களை வரிசையாகச் சுவைப்பதாக இருந்தால் மெல்லியதிலிருந்து கனத்ததுக்குப் போங்கள்: லேகர், கோதுமை பீர், பேல் ஏல், புளிப்பு வகை, ஐ.பி.ஏ., கடைசியில் ஸ்டௌட். இரட்டை ஐ.பி.ஏ.வை (ஹாப்ஸும் ஆல்கஹாலும் இன்னும் கூடியது) முதலில் குடித்துவிட்டால் அதன் பிறகு எந்த பில்ஸ்னரும் தண்ணீராகத் தெரியும். இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும். சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, வெற்றிலை, காரம், வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம்.

மூக்கு முதலில், நாக்கு பிறகு

ஊற்றிய அரை நிமிடத்துக்குள் முதல் முகர்வு. சீக்கிரம் ஆவியாகிவிடும் மணங்கள் அதில்தான் கிடைக்கும். ஆழமாக ஒரே மூச்சாக இழுக்காமல், நாய் மோப்பம் பிடிப்பதுபோல் இரண்டு மூன்று குட்டி முகர்வுகள். பிறகு கிளாஸை உள்ளங்கையால் மூடி இரண்டு சுற்றுச் சுழற்றி, கையை எடுத்து மறுபடி முகருங்கள். திரும்பத் திரும்ப முகர்ந்தால் மூக்கு அலுத்துப்போகும். அப்போது உங்கள் சட்டைக் கையையோ முழங்கையின் உட்பக்கத்தையோ முகர்ந்துவிட்டு வந்தால் மூக்கு மீண்டும் விழித்துக்கொள்ளும்.

பிறகு ஒரு மேசைக்கரண்டி அளவு வாயில் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி இந்த வெளிமூச்சில் வருகிற வாசனைதான். ஐயமிருந்தால் ஒரு ஹேஸி ஐ.பி.ஏ.வை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான் தெரியும். மூக்கை விட்டவுடன் மாம்பழமும் கொய்யாவும் வந்து நிற்கும். இந்தப் பயிற்சியை ஒருமுறை செய்தவர்கள் வாசனையையும் சுவையையும் பிறகு குழப்பிக்கொள்வதில்லை.

அடுத்த வாய்க்கு முன் அரை நிமிடம் பொறுக்க வேண்டும். கசப்பு தாமதமாக எழுந்து தாமதமாக அடங்கும் சுவை. அது எப்படி அடங்குகிறது என்பதில்தான் நல்ல ஐ.பி.ஏ.வுக்கும் சாதாரண ஐ.பி.ஏ.வுக்கும் வித்தியாசம்.

அறுசுவைக் கணக்கு

பீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ் நாக்குக்கு ஏற்கனவே தெரிந்த நுட்பங்களைக் கூட நாம் கைவிட்டுவிடுகிறோம். கசப்பையும் துவர்ப்பையும் பிரிக்க ஆங்கிலம் பேசும் புதியவர்கள் திணறுவார்கள். நமக்கோ பாகற்காய் வேறு, வாழைப்பூ வேறு என்று சிறுவயதிலேயே தெரியும். இந்த ஆறையும் வரிசையாக மனதில் ஓட்டினாலே ஒரு பீரைப் பற்றிய பாதிக் குறிப்பு தயாராகிவிடும்.

இனிப்பு, நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரையிலிருந்து வருவது. பழ மணம் இருந்தாலே இனிக்கிறது என்று தோன்றும், மூக்கைப் பிடித்துச் சரிபாருங்கள். கொலராடோவின் லெஃப்ட் ஹேண்ட் மில்க் ஸ்டௌட் போன்றவற்றில் பாற்சர்க்கரையான லாக்டோஸ் சேர்ப்பார்கள். ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது என்பதால் இனிப்பு அப்படியே தங்கும். ‘மில்க்ஷேக் ஐ.பி.ஏ.’ என்று எழுதியிருந்தாலும் இதே சமாச்சாரம். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு இவற்றைத் தருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

கசப்பு, ஹாப்ஸைக் கொதிக்கவைப்பதால் வருகிறது. லேபிளில் கசப்பை அளக்கும் ஐ.பி.யு. என்றொரு எண் இருக்கும், சியரா நெவாடா பேல் ஏலுக்கு அது 38. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். 70 ஐ.பி.யு. உள்ள இம்பீரியல் ஸ்டௌட், 40 உள்ள பில்ஸ்னரைவிட மென்மையாகத் தெரியக்கூடும். மால்ட் என்ற முளைத்த தானியத்தின் இனிப்பு கசப்பை மூடிவிடுகிறது. தண்ணீரும் இதில் விளையாடும்: சல்ஃபேட் கூடினால் கசப்பு கூர்மையாகும், குளோரைடு கூடினால் பீர் உருண்டு திரண்டு மெத்தென்றிருக்கும். வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ. காய்ச்சுகிறவர்கள் முதலாவதையும், ஹேஸி காய்ச்சுகிறவர்கள் இரண்டாவதையும் தேடுவார்கள்.

துவர்ப்பு என்பது வாயைப் பிடித்து இழுப்பது. நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிப்பது போல. தானியத்தின் உமியிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம் இறங்கிவிட்டால் இது வரும். லேசாக இருந்தால் குற்றமில்லை. கன்னங்கள் உள்ளே ஒட்டிக்கொண்டால் காய்ச்சியதில் கோளாறு.

துவர்ப்போடு காறலைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புத்தம்புதிய ஹேஸி ஐ.பி.ஏ. சிலவற்றில் தொண்டையில் கருணைக்கிழங்கு காறுவதுபோல ஓர் உறுத்தல் இருக்கும். கொதி முடிந்தபின் போடுகிற ஏராளமான ஹாப்ஸின் துகள்கள் இன்னும் அடியில் படியவில்லை என்று அர்த்தம். அதே கேனை ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடைத்த மறுநாளே குடிப்பதுதான் சிறப்பு என்று வரிசையில் நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புளிப்பில் இரண்டு சாதி. தயிர், மோர் போல மெத்தென்று வருவது லாக்டிக் அமிலம். புளிப்பு பீர்களில் வேண்டுமென்றே உண்டாக்குவது. மூக்கைக் குத்துகிற காடிப் புளிப்பு அசிட்டிக் அமிலம். மர பீப்பாயில் ஊறிய சிவப்புப் புளிப்பு வகைகளில் துளி இருக்கலாம், மற்றபடி கேடு. உவர்ப்புக்கு கோஸ் என்ற வகை இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து, அங்கே ஏறக்குறைய மறைந்தபின் அமெரிக்க ப்ரூவரிகளில் செழித்தது. உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்தது, வெயில் நேரத்தில் நீர்மோருக்குப் பக்கத்தில் வைக்கலாம். கார்ப்பு மிளகாய் சேர்த்த சில பீர்களில் நேரடியாகவும், ஆல்கஹால் மிகுந்த பீர்களில் நெஞ்சில் இறங்கும் சூடாகவும் தெரியும். அந்தச் சூடு இதமாக இருந்தால் சரி. பெயிண்ட் தின்னர் வாடை அடித்தால் நொதித்தபோது வெப்பம் எகிறியிருக்கிறது.

வாசனைக்கு உங்கள் வீட்டுப் பெயர்

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. முளைகட்டிய கேழ்வரகு வறுபடும் மணம் தெரிந்தவருக்கு இதில் புதிது எதுவும் இல்லை. இளம் மால்ட்டில் வைக்கோலும் தேனும், இன்னும் கொஞ்சம் வறுத்தால் கல்லில் உப்பி எழும் சப்பாத்தி, ஆம்பர் நிறத்தில் கருப்பட்டிப் பாகு, கறுப்பில் காபிக்கொட்டை.

ஹாப்ஸ்தான் அமெரிக்க பீரின் தனி முகம். காஸ்கேட் என்ற ரகம் 1972-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆரிகன் ஆய்விலிருந்து வந்தது. 1975-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி அதை ‘லிபர்ட்டி ஏல்’ பீரில் போட்டது. 1980-ல் கலிபோர்னியாவின் சிகோ நகரில் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா, அதே ஹாப்ஸை வைத்துத் தன் பேல் ஏலைச் செய்தது. அதன் மணத்தை ஆங்கிலத்தில் கிரேப்ஃப்ரூட் என்பார்கள். பம்பளிமாஸ் தோலைக் கிள்ளியபோது வரும் மணம் என்றால் நமக்கு உடனே புரியும். இன்றைக்கும் ஹாப்ஸ் கற்கத் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டிய பீர் இதுதான். எங்கும் கிடைக்கும், ஒரே தரத்தில் இருக்கும்.

அடுத்து சென்டெனியல்: எலுமிச்சையும் பூ மணமும். மிச்சிகனின் பெல்ஸ் ப்ரூவரியின் ‘டூ ஹார்ட்டட்’ இந்த ஒரே ஹாப்ஸில் செய்தது, அதனால் பாடம் படிக்க வசதி. சிம்கோவும் சினூக்கும் பைன் மரப் பிசின். சாம்பிராணி, குங்கிலியம் பழகிய மூக்குக்கு எளிதில் பிடிபடும். சிட்ராவில் மாம்பழமும் எலுமிச்சைத் தோலும். சிம்கோவின் வாரிசான மொசைக்கில் பழங்களோடு ஒரு பச்சை மணமும் சேர்ந்து வரும். சாப்ரோவில் தேங்காய், அதுவும் தெளிவாக. பெரும்பங்கு ஹாப்ஸ் வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கில் விளைகிறது. ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில் அறுவடை. உலர்த்தாத பச்சை ஹாப்ஸ் போட்ட பீர்கள் அதையொட்டி வரும். கண்டால் அன்றே வாங்கி அன்றே குடியுங்கள்.

கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் வந்தால் அது பழம் சேர்த்ததல்ல, ஈஸ்ட்டின் வேலை. பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்த்தவற்றில் மாட்டுத் தொழுவ வாடை வரும். டெக்சாஸின் ஆஸ்டின் அருகே உள்ள ஜெஸ்டர் கிங் போன்ற பண்ணை ப்ரூவரிகள் இதை விரும்பியே வளர்க்கின்றன. முதல்முறை குடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கெட்டதை அறிய

நல்ல பீரைப் பாராட்டுவதைவிடக் கெட்ட பீரில் கோளாறு எங்கே என்று சொல்வது கடினம். அதை வீட்டிலேயே பழகலாம். பச்சைக் கண்ணாடி பாட்டிலில் வரும் லேகர் ஒன்றை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். குளிரவைத்து, கேனில் வந்த அதே பீரோடு ஒப்பிட்டு முகருங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அடிபட்ட ஸ்கங்க் விலங்கின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு அதே நாற்றம் வரும். ஒளி பட்டு ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தகச் சேர்மமாக மாறுகிறது. பழுப்பு பாட்டில் இதைத் தாமதப்படுத்தும், கேன் முழுக்கத் தடுக்கும். நிறமில்லாத பாட்டிலில் வரும் சில பீர்களில் மாற்றியமைத்த ஹாப்ஸ் சாறு இருப்பதால் இந்தச் சோதனை அவற்றில் பலிக்காது.

பழசாகிப்போனதை அறிய, ஒரே ஆறு கேன் கட்டில் மூன்றை ஃபிரிட்ஜிலும் மூன்றைச் சூடான கராஜிலும் ஒரு மாதம் வைத்து அருகருகே ஊற்றுங்கள். கராஜ் கேனில் நனைந்த அட்டைப்பெட்டி மணமும் பழைய தேன் போன்ற இனிப்பும் எழும். ஹேஸி ஐ.பி.ஏ. என்றால் முகரவே வேண்டாம், மஞ்சள் நிறம் மங்கிச் சாம்பலும் பழுப்புமாகியிருக்கும்.

வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மணம் டயாசெட்டில் என்ற சேர்மத்தால் வருவது. நொதித்தல் முடியுமுன் ஈஸ்ட்டை அவசரமாக நீக்கிவிட்டாலும் வரும், பாரின் குழாய்களில் பாக்டீரியா சேர்ந்தாலும் வரும். எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு: அதே இடத்தில் வேறொரு குழாயின் பீரிலும் அந்த மணம் இருந்தால் குற்றம் பாருடையது, அந்த ப்ரூவரியுடையது அல்ல. குழாய்களை 14 நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்கச் சிறு ப்ரூவரிகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் அறிவுரை. ஐயமிருந்தால் அதே பீரைக் கேனில் வாங்கி ஒப்பிட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள். வேகவைத்த மக்காச்சோளத் தண்ணீர் மணம் டி.எம்.எஸ். என்ற கந்தகச் சேர்மம்; லேகரில் துளி இருக்கலாம், ஐ.பி.ஏ.வில் இருக்கவே கூடாது. நறுக்கிய பச்சை ஆப்பிள் என்றால் பீர் முழுதாகப் பக்குவமாகவில்லை. பழைய சீஸ் வாடை அடித்தால் ஹாப்ஸ் பழசு.

குறிப்பெடுப்பவர்களுக்கு ஓர் அளவுகோல். பீர் போட்டி நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் நடுவர்கள் 50 மதிப்பெண்ணில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த உணர்வுக்கு 10 தருகிறார்கள். நிறத்தையும் நுரையையும் பற்றியே நான்கு வரி எழுதுகிறவர்கள் அந்த 3-ஐ நினைத்துக்கொள்ளலாம். பெயரும் விலையும் மனதை இழுக்கும் என்பதால் நண்பரை விட்டு மூன்று கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த இரண்டு பீருக்கும் நீங்கள் எழுதிய தனித்தனிக் குறிப்புகளைத் திருத்த வேண்டும்.

பிறருக்குச் சொல்லும்போது

பரிந்துரை கேட்பவரிடம் ‘எந்த பீர் பிடிக்கும்’ என்று தொடங்கினால் பதில் வராது. காபி எப்படிக் குடிப்பார், சர்க்கரை போட்டா போடாமலா, பாகற்காய் பிடிக்குமா, மோர் புளித்தால் பிடிக்குமா, கடைசியாக எந்த பீரைப் பாதியில் வைத்தார், ஏன். இந்த நான்கு கேள்விகள் போதும். பாதியில் வைத்ததற்கான காரணம்தான் அதிகம் சொல்லும்.

‘லைட்டா ஏதாவது’ என்று கேட்டால் மறுகேள்வி கேட்டே ஆக வேண்டும். நிறமா, கசப்பா, ஆல்கஹாலா, வயிற்றில் கனமா? கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. ஆரிகனின் டெஷூட்ஸ் ப்ரூவரியின் பிளாக் பியூட் போர்ட்டர் கறுப்பு, ஆனால் ஆல்கஹால் மிதம். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் தரும் பிளினி தி எல்டர் பொன்னிறம், ஆல்கஹாலோ 8 சதவீதம்.

‘ஐ.பி.ஏ. ஆகாது’ என்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ.வை, அதுவும் பழசான ஒன்றைக் குடித்தவர். அவருக்கு ஹேஸி 60 மில்லி கொடுத்துப் பார்க்கலாம். ஹேஸி சாறு போல இருக்கிறது, பீர் மாதிரியே இல்லை என்பவருக்கு நேர் எதிராக பிளினியோ டூ ஹார்ட்டடோ. இந்தியாவில் லேகர் மட்டுமே பழகியவருக்கு நேராக இரட்டை ஐ.பி.ஏ. கொடுப்பது அவரை விரட்டும் வழி. பென்சில்வேனியாவின் விக்டரி ப்ரைமா பில்ஸில் தொடங்குங்கள். பழகிய வடிவம், ஆனால் ஹாப்ஸ் என்றால் என்ன என்பது அதில் தெரியும். அடுத்த படி சியரா நெவாடா பேல் ஏல். சர்க்கரையில்லாத டிகிரி காபி குடிப்பவருக்கு போர்ட்டர், ஸ்டௌட். இனிப்புக் காபிக்காரருக்கு மில்க் ஸ்டௌட். ‘பீரே பிடிக்காது, கசக்கும்’ என்பவருக்கு கோஸ் அல்லது மெய்ன் மாநிலத்தின் அலகாஷ் ஒயிட். பின்னதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்திருக்கிறார்கள், கசப்பு மிகக் குறைவு.

ஒருவருக்கு எப்போதும் இரண்டு சொல்லுங்கள்: அவருக்குத் தெரிந்ததற்குப் பக்கத்தில் ஒன்று, ஓரடி தள்ளி ஒன்று. ஐந்து சொன்னால் எதுவும் நினைவில் நிற்காது. பிராண்ட் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தவும் கூடாது. 1933-ல் மதுவிலக்கு முடிந்தபின் அமெரிக்காவில் ப்ரூவரி, மொத்த விநியோகஸ்தர், கடை என்று மூன்றடுக்கு முறை வந்தது, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் குவிந்து கிடப்பது பக்கத்து மாநிலத்தில் கிடைக்காது. அதனால் ‘பில்ஸ்னர், அமெரிக்க ஹாப்ஸ், 5 சதவீதத்துக்குப் பக்கம், அடைத்து இரண்டு மாதத்துக்குள்’ என்று சொல்லிவிட்டால், எந்த ஊர்க் கடையிலும் அவர் தானே தேடிக்கொள்வார்.

கிராஃப்ட் என்ற சொல்லைப் பற்றியும் கேட்பார்கள். ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கணக்கில் ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மிகாத உற்பத்தியும், கிராஃப்ட் அல்லாத மது நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். 2017 முதல் கேன்களில் காணப்படும் தலைகீழ் பாட்டில் முத்திரை இந்தச் சுதந்திரத்தைக் குறிக்கிறது. அது உரிமையாளரைப் பற்றிய செய்தி, சுவையைப் பற்றியது அல்ல. போர்பன் பீப்பாயில் ஸ்டௌட்டை ஊறவைத்துப் புகழ்பெற்ற சிகாகோவின் கூஸ் ஐலண்ட் 2011-ல் ஆன்ஹைசர்-புஷ் கைக்குப் போனது, மேலே சொன்ன பெல்ஸும் இன்று ஜப்பானின் கிரின் குழுமத்தைச் சேர்ந்தது. சிறு ப்ரூவரிக்கே தன் பணம் போக வேண்டும் என்று நினைப்பவருக்கு இதைச் சொல்ல வேண்டியது பரிந்துரைப்பவரின் கடமை.

சாப்பாட்டோடு என்றால், காரத்தோடு கசப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் ஏறும். மிளகு மட்டன் வறுவலுக்கு வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ. வேண்டாம், பாகு மணம் உள்ள ஆம்பர் ஏலோ பிரவுன் ஏலோ காரத்தைத் தணிக்கும். மீன் வறுவலுக்கு பில்ஸ்னர்; அதன் குமிழ்கள் எண்ணெயை வழித்துவிடும். தேங்காய்ப்பால் குழம்புக்குக் கோதுமை பீர். இம்பீரியல் ஸ்டௌட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இனிப்போடு வையுங்கள்.

அளவை ஒருபோதும் மில்லியில் மட்டும் எண்ணாதீர்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு அளவு மது என்பது 14 கிராம் ஆல்கஹால், அதாவது 5 சதவீத பீர் 12 அவுன்ஸ். 8 சதவீதமுள்ள 16 அவுன்ஸ் கேன் ஒன்றே இரண்டு அளவைத் தாண்டிவிடும். ப்ரூவரியோடு சேர்ந்த டாப்ரூமில் (குடிக்கும் கூடத்தில்) நான்கு அவுன்ஸ் வீதம் நான்கு கிளாஸ் தட்டில் வரும்போது சின்னதாகத் தெரியும். சராசரி 6 சதவீதம் என்றால் அதுவும் ஒன்றரை அளவுக்கு மேல். ருசி பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொட்டுவதில் வெட்கம் எதுவும் இல்லை, அதற்காகத்தான் மேசையில் வாளி வைத்திருப்பார்கள். வண்டி ஓட்டுபவருக்கும், கர்ப்பிணிக்கும், 21 வயது ஆகாதவருக்கும், வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவருக்கும் ஊற்ற வேண்டாம். வண்டி ஓட்டும் நண்பர் மேசையில் வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை. கனெக்டிகட்டில் தொடங்கிய அத்லெட்டிக் ப்ரூவிங் 0.5 சதவீதத்துக்கும் குறைந்த ஆல்கஹாலில் ஐ.பி.ஏ. செய்கிறது. அதையும் இதே ஒயின் கிளாஸில், இதே குளிரில், இதே கவனத்தோடு அவருக்கு ஊற்றிக் கொடுங்கள்.